தனுஷ்கோடியில் கண்டதும் கற்றதும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் ஏறிப் பேசுவோர் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்கள், நூலறிவு மிக்கவர்கள். நாங்களோ மெட்ரிகுலேஷன் வரை படித்து, இரயில்வே ஆபீசில் பேரேடு எழுதிப் பிழைக்கும் குமாஸ்தா வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். ஆயினும், "விடுமுறையில் சென்று வந்த ஊரைப் பற்றிப் பேச வேண்டும்" என்று செயலாளர் அவர்கள் அன்புக் கட்டளை இட்டுவிட்டார்கள். தட்ட முடியவில்லை. 'நாங்கள்' என்று நாங்கள் சொல்லும்போது, துணைவியார், மகள், மகன் ஆகிய மூவரையும் சேர்த்தே சொல்கின்றோம். பார்த்தவை எட்டுக் கண்கள். பேசுவது மட்டும் ஒரு வாய்.

இதற்கு முன் பேசிய அன்பர்கள் காசியைப் பற்றியும் காஷ்மீரத்தைப் பற்றியும் அழகாகச் சொன்னார்கள். நாங்கள் சென்று கண்டது அத்தகைய இடமன்று. அங்கே இடிந்த சுவர்களும் மணலும் இருபுறமும் கடலும்தான் உண்டு. ஒரு காலத்தில் கப்பலும் இரயிலும் சந்தித்த ஊர். 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் இரவில் அழிந்த ஊர். இராமேசுவரம் தீவின் கோடியில் இருக்கும் தனுஷ்கோடியைத்தான் சொல்கின்றோம்.

அங்கே போக வேண்டும் என்ற எண்ணம் எங்கள் அப்பத்தாவால் வந்தது. எங்கள் பூர்விகம் இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளிப் பக்கம். தந்தையார் 1969-இல் இந்த ஊர் ஒர்க்ஷாப்பில் கலாசியாகச் சேர்ந்தபோது, அப்பத்தாவும் உடன் வந்து இந்தக் காலனியிலேயே வாழ்ந்து, இங்கேயே கண்ணை மூடினார்கள். மார்கழி பிறந்துவிட்டால் அவர்களுக்கு ஒரு பேச்சுத்தான். "எந்தம்பி போன மாசம்" என்பார்கள். அவர்களுடைய தம்பி தனுஷ்கோடித் துறையில் கப்பலுக்குச் சுமை தூக்கியவர். ஏதோ காரியமாக வீட்டுக்கு வந்திருந்தவர், 22-ஆம் தேதி மாலை புறப்பட்டாராம். "காத்து பேயா அடிக்குது, நாளைக்குப் போடா" என்று அக்காள் தடுத்தார்களாம். "ஒருநாள் கூலி போயிரும்" என்று சொல்லிப் போனவர் திரும்பவில்லை. பாம்பனில் அந்த இரவு வண்டியில் ஏறினாரா, அதற்கு முன்பே ஏதேனும் வழியில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆயினும் இராமநாதபுரம் வரை எத்தனையோ முறை போயும், அந்தக் கோடிக்குப் போக வாய்க்கவில்லை.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டிகள் நின்றுவிட்டன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தீவுக்கு இரயிலே இல்லாமல் இருந்தது. மீண்டும் வண்டி ஓடுகிறது என்ற செய்தி வந்ததும், மே மாத விடுமுறைக்குப் பாஸ் எழுதிக் கொடுத்துவிட்டோம். சென்னையில் வண்டி மாறி, இரவெல்லாம் பயணம் செய்து, விடிந்ததும் மண்டபத்தை அடைந்தோம்.

இரயில்வேக் குடும்பங்கள் நிறைந்த அவை இது. ஆகவே பாலத்தைப் பற்றிச் சில சொற்கள் சொன்னால் பொறுத்துக்கொள்வீர்கள். பழைய பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்டது. 145 கண்கள் கொண்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கப்பல் போவதற்காக நடுவில் இரண்டு இறக்கைகளைப் போல மேலே விரியும் அமைப்பு உண்டு. ஆட்கள் நெம்பி நெம்பியே அதைத் திறந்தார்கள். புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி முழுவதும் மின்தூக்கியைப் போல நேராக மேலே எழும்புகிறது. எங்கள் வண்டி மெல்ல ஊர்ந்தபோது, பக்கத்தில் பழைய பாலம் தண்ணீரின் மேல் தன் வரிசைத் தூண்களோடு தனியே நின்றது. ஓய்வு பெற்ற மூத்த ஊழியர் ஒருவர் பிளாட்பாரத்தில் நின்று, புதியவர் வேலை பார்ப்பதைக் கவனிப்பது போல எங்களுக்குத் தோன்றிற்று.

பாலம் கட்டிய காலத்தில் இராமேசுவரம் கிளைப்பாதைதான். பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சுமார் ஆறே கால் மைல் ஓடி இராமேசுவரத்தை அடைந்தது. மற்றொன்று 15 மைல் ஓடித் தனுஷ்கோடியில் கப்பல் துறையைத் தொட்டது. சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயில் அந்தத் துறைக்கே சென்றது. பயணிகள் அங்கே நீராவிக் கப்பலில் ஏறி, சுமார் 20 மைல் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கினார்கள். அங்கே காத்திருந்த இரயிலில் ஏறிக் கொழும்பு சேர்ந்தார்கள். எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு கொழும்பு வரை செல்லும். ஒரு சீட்டில் இரண்டு இரயிலும் ஒரு கப்பலும் அடங்கிய அந்தக் கணக்கை எழுதிய குமாஸ்தாக்களை நினைத்தாலே எங்களுக்கு மரியாதை பிறக்கின்றது. சென்னையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வண்டியை மக்கள் இன்றும் போட் மெயில் என்றே அழைக்கிறார்கள். போட் போய் ஆண்டுகள் பல ஆயின. பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவ்வழியே சென்றவர்கள் வியாபாரிகளும் யாத்திரிகர்களும் மட்டும் அல்லர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற நம் மக்கள் ஆயிரமாயிரமாக மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்து, அந்தக் கடலைத் தாண்டினார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டவர்கள் அவர்கள். நம் முன்னோர் வடக்கே வண்டி ஏறினார்கள். அவர்கள் தெற்கே கப்பல் ஏறினார்கள். அவ்வளவுதான் வேற்றுமை. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தக் கையெழுத்தின் மை காய்ந்து இரண்டு மாதம் ஆகுமுன்னே, அவர்கள் அன்று புறப்பட்டுச் சென்ற துறையே இல்லாமல் போயிற்று.

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி சுமார் 20 கிலோமீட்டர். முகுந்தராயர் சத்திரம் வரைதான் முன்பு சாலை இருந்தது. அதற்கப்பால் மணலிலும் நீரிலும் ஜீப்புகள் தத்தித் தத்திச் செல்லும். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை திறக்கப்பட்டது. காலையில் ஓர் ஆட்டோவை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். மாலைக்குள் பயணிகள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்பது அங்கே விதி.

சாலையின் இருபுறமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. அதை ஆண்கடல் என்கிறார்கள். வடக்கே பாக்கு நீரிணை, அது பெண்கடல். நாங்கள் போனது தென்மேற்குக் காற்று தொடங்கும் காலம். ஆதலின் ஆண்கடல் சீறிக்கொண்டிருந்தது. பெண்கடல் நம் காலனிக் குளத்தைப் போல அசையாது கிடந்தது. வாடைக் காலத்தில் இது மாறுமாம். ஆண்கடல் அடங்கும், பெண்கடல் எழும்பும். எந்தக் காலத்திலும் ஒரு பக்கமாவது மீன்பிடிக்க இடம் கொடுக்கும் அந்த மண்துண்டை இயற்கையின் கொடை என்றே சொல்ல வேண்டும். அந்த அழிவோ இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பாராமல் வந்தது.

ஊர் இருந்த இடத்தில் இறங்கினோம். கூரையில்லாத தேவாலயம் ஒன்று நிற்கிறது. பவளப் பாறைக் கற்களையும் சுண்ணாம்பையும் கொண்டு எழுப்பிய சுவர்கள். உப்புக்காற்று அரித்து அரித்துத் தேனடை போல் ஆகிவிட்டன. இரயில் நிலையத்தின் சுவர்கள் நிற்கின்றன. என்ஜினுக்குத் தண்ணீர் வைத்திருந்த தொட்டியின் அடித்தளம் நிற்கிறது. தபால் ஆபீஸ் இருந்த கட்டிடத்தையும், இரயில்வே ஊழியர் குடியிருந்த குவார்ட்டர்சையும் ஆட்டோ ஓட்டிய தம்பி காட்டினார். எங்கள் மகன் தண்டவாளத்தைத் தேடினான். மணலுக்குள் எங்கே இருக்கிறதோ, எங்கள் கண்ணில் படவில்லை.

துணைவியார் ஒரு குவார்ட்டர்சின் சுவருக்கு முன் நெடுநேரம் நின்றார். "இது அடுப்பங்கரையாக இருந்திருக்கும். பக்கத்தில் முற்றம். நம் வீட்டு அமைப்பேதான்" என்றார். நாங்கள் பேசாமல் இருந்தோம். இரயில்வே கட்டிய வீடு எந்த ஊரிலும் ஒரே சாயல்தான். அந்த அடுப்பங்கரையிலும் ஒரு தாய் இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பாள், காலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று. அந்த இரவு டிசம்பர் 22.

1964 டிசம்பர் 17-ஆம் தேதி அந்தமானுக்குத் தெற்கே ஒரு தாழ்வு நிலை உருவாயிற்று. இரண்டு நாளில் அது கடும்புயல் ஆயிற்று. இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22-ஆம் தேதி நள்ளிரவில் தனுஷ்கோடியின் மேல் பாய்ந்தது. கடல் இருபது அடிக்கும் மேலாக எழுந்து ஊருக்குள் நுழைந்தது. அந்த வேளையில் 653 எண்ணுள்ள பாம்பன் - தனுஷ்கோடிப் பாசஞ்சர், ஆறு பெட்டிகளுடன் இரவு 11.55 மணிக்குப் பாம்பனை விட்டுப் புறப்பட்டிருந்தது. ஊரை நெருங்கும் சமயத்தில் சிக்னல் விளக்கு எரியவில்லை என்றும், டிரைவர் நீண்ட ஊதல் ஊதிவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினார் என்றும் சொல்கிறார்கள். அலை வந்து வண்டி முழுவதையும் மூடிற்று. அதில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்தமையால் வெளியுலகத்துக்குச் செய்தி வந்து சேரவே நேரமாயிற்று.

அந்த வண்டியில் இருந்தவர்கள் 110 பயணிகள், 5 இரயில்வே ஊழியர்கள் என்று கணக்குச் சொல்லப்பட்டது. பெரியோர்களே! நம் இரயில்வே சகோதரர்கள் ஐவர், புயல் என்று தெரிந்தும் டூட்டியை விட்டு இறங்காமல் சென்றவர்கள். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து தலை வணங்குகின்றோம்.

அந்த 110 என்ற எண் எப்படி வந்தது என்பதை ஒரு குமாஸ்தாவின் கண்ணோடு பாருங்கள். பாம்பனில் விற்ற சீட்டுகளைக் கொண்டு வந்த எண் அது. சீட்டு விற்றால் பேரேட்டில் ஏறும். பேரேட்டில் ஏறினால் கணக்கில் வரும். சீட்டு வாங்காமல் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள், ஆகையால் இறந்தவர் இருநூறு பேர் வரை இருக்கலாம் என்ற கருத்தும் அப்போதே எழுந்தது. எங்கள் அப்பத்தா சிரிப்பும் அழுகையுமாக ஒன்று சொல்வார்கள்: "துறையில சுமை தூக்குறவன் என்னைக்குடா சீட்டு வாங்கினான்? கார்டு எல்லாம் அவனுக்குச் சேக்காளி." ஆகவே அவர் அந்த வண்டியில்தான் போனார் என்றாலும், 110-இல் அவர் இல்லை. பேரேடு எழுதியவர் மேல் குற்றம் இல்லை. நாங்களும் அப்படித்தான் எழுதியிருப்போம். ஆனால், பேரேடு சரியாக இருந்தும் ஓர் உயிர் அதில் இல்லாமல் போகும் என்பதை, இருபது ஆண்டு உத்தியோகத்தில் நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அந்தப் புயல் பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126-இன் உத்திரங்களைக் கடலில் தள்ளிவிட்டது. நடுவில் விரியும் பகுதி மட்டும் அசையவில்லை. பாலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு முப்பத்திரண்டு வயது இளம் என்ஜினியர் ஒருவரிடம் வந்தது. ஆறு மாதம் வேண்டும் என்று மதிப்பிட்ட வேலையை, கடலில் விழுந்த உத்திரங்களை எடுத்துக் கோத்து, 46 நாட்களில் அவர் முடித்தார். பிற்காலத்தில் கொங்கண் இரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கண்ட ஈ. ஸ்ரீதரன் அவர்களே அந்த இளைஞர். இரயில்வேக் குழந்தைகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

பாலம் எழுந்தது, இராமேசுவரத்துக்கு வண்டி ஓடிற்று. ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற 15 மைல் பாதை மீண்டும் எழவில்லை. இலங்கைக் கப்பல் இராமேசுவரத்துக்கு மாறிற்று. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. 2019-ஆம் ஆண்டு மீண்டும் அங்கே பாதை போட அடிக்கல் நாட்டினார்கள். நாங்கள் போனபோது தண்டவாளம் வரவில்லை.

வாழத் தகுதியற்ற இடம் என்று படித்துவிட்டு, ஆளில்லாத ஊரைக் காணப் போகிறோம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். போய்ப் பார்த்தால் ஆட்கள் இருக்கிறார்கள்! ஓலைக் குடிசைகள் இருக்கின்றன. வலை காய்கிறது. பெண்கள் சிப்பி மாலைகளையும் பொரித்த மீனையும் விற்கிறார்கள். பிள்ளைகள் படிக்க அரசுப் பள்ளிக்கூடமும் இருக்கிறது.

வெயில் ஏறிவிட்டது. ஒரு குடிசைக் கடையின் நிழலில் ஒதுங்கினோம். அறுபத்தைந்து எழுபது வயதுள்ள ஓர் அம்மையார் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"எங்கிட்டு இருந்து வர்றீக தம்பி?" என்றார்.

"கல்கத்தா பக்கம் அம்மா. கரக்பூர்."

"அம்புட்டுத் தூரத்துல இருந்து இடிஞ்ச சுவத்தைப் பாக்கவா வந்தீக?"

எங்கள் மகள் தண்ணீர் கேட்டாள். அந்த அம்மையார் எழுந்து, குடிசைக்குப் பின்னால் மணலில் தோண்டியிருந்த சிறு ஊற்றுக்கு அழைத்துப் போனார். கூப்பிடு தூரத்தில் இருபுறமும் உப்புக் கடல். நடுவே முழங்கை ஆழத்தில் ஊறிய தண்ணீரை அகப்பையால் மொண்டு கொடுத்தார். குடித்த மகள் திகைத்துவிட்டாள், அவ்வளவு இனிப்பு! மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலாக அள்ளினால் நல்ல நீர். பேராசைப்பட்டு ஆழத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். "கொஞ்சங் கொஞ்சமாத்தான் மோக்கணும். ஊறுற வரைக்கும் பொறுக்கணும்" என்றார் அந்த அம்மையார்.

"இங்கே குடியிருக்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டதாமே, அம்மா?" என்று கேட்டோம்.

"காகிதத்துல ஊரு இல்லைதான் தம்பி. மீனு காகிதத்தைப் படிச்சுட்டா வருது?" என்றார். புயலின்போது தமக்கு ஏழெட்டு வயது என்றும், இராமேசுவரத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்ததாகவும், உடன்பிறந்தார் இருவர் போய்விட்டதாகவும் சொன்னார். கரண்டும் வைத்தியமும் இல்லாமல் படும் பாட்டையும் சொன்னார். அவர்கள் அங்கே இன்பமாக வாழ்கிறார்கள் என்று நாங்கள் பொய் சொல்லமாட்டோம். துறையையும் ஆபீசையும் நம்பி வந்தவர்கள், அவை போனதும் போய்விட்டார்கள். கடலை நம்பியவர்கள், அழித்த கடலின் கரைக்கே திரும்பி வந்தார்கள். வேறு போக்கு அவர்களுக்கு இல்லை.

அப்போதுதான் நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னோம். அப்பத்தாவின் தம்பி, சுமை தூக்கியவர், அந்த இரவு புறப்பட்டவர் என்று எல்லாம் சொன்னோம். அரிவாள்மணையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு அந்த அம்மையார் கேட்டார்: "பேரு என்ன?"

அன்பர்களே! எங்களுக்குப் பெயர் தெரியவில்லை.

துணைவியார் எங்கள் முகத்தைப் பார்த்தார். பிள்ளைகள் பார்த்தார்கள். அப்பத்தா ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. "எந்தம்பி, எந்தம்பி" என்பார்கள். தந்தையார் "மாமா" என்பார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், நாங்கள் கேட்கவில்லை. இப்போது அப்பத்தாவும் இல்லை, தந்தையாரும் இல்லை. ஆயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்து துக்கம் கேட்க வந்தவர்களுக்கு, யாருக்காக வந்தோம் என்று சொல்லப் பெயர் இல்லை. 110 என்ற கணக்கில் அவரைச் சேர்க்கவில்லையே என்று வருந்தினோமே, நம் வீட்டுக் கணக்கில் மட்டும் அவரைச் சேர்த்து வைத்திருந்தோமா? வெட்கத்தால் எங்கள் தலை குனிந்தது.

அந்த அம்மையார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "பேரு தெரியலைன்னா முறையைச் சொல்லுங்க தம்பி, போதும்" என்றார். ஒரு செம்பில் அந்த ஊற்றுத் தண்ணீரை நிறைத்துத் துணைவியார் கையில் கொடுத்தார். நால்வரும் பெண்கடல் ஓரம் போனோம். "எங்கள் அப்பத்தாவின் தம்பி" என்று வாய்விட்டுச் சொல்லித் தண்ணீரைக் கடலில் விட்டோம். அவ்வளவுதான் நாங்கள் செய்த சடங்கு. பிறகு அரிச்சல்முனை வரை போய், இரண்டு கடலும் கூடும் இடத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் திரும்பினோம்.

பெரியோர்களே! இந்தக் கதையை உங்கள் நேரத்தைப் போக்குவதற்காக நாங்கள் சொல்லவில்லை. இதில் நமக்கு ஒரு வேலை இருக்கிறது.

நாம் வாழும் இந்தக் காலனியைச் சற்று நினைத்துப் பாருங்கள். இந்த வீடுகள் நம்முடையவை அல்ல. ஓய்வு பெற்ற பின் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வாரமே சுவருக்கு வெள்ளையடித்து வேறொருவர் குடிவருவார். நம் பாட்டி உரல் போட்டிருந்த இடமும், நம் தந்தையார் வைத்த முருங்கையும் நம் பெயரைச் சொல்லுமா? சொந்த ஊரிலோ ரேஷன் அட்டையில் நம் பெயர் இல்லை. வாக்காளர் பட்டியலில் இல்லை. ஊருக்குப் போனால் "கல்கத்தாக்காரர் வந்திருக்கிறார்" என்கிறார்கள். இங்கே இருந்தால் "மதராசி" என்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கில் 'தாய்மொழி தமிழ்' என்ற பத்தியில் ஓர் எண்ணாக வருகிறோம். யார் கையைப் பிடித்து, என்ன துன்பத்தால் வந்தோம் என்பதை எந்தக் கணக்கும் கேட்பதில்லை.

நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறார்கள். போகட்டும், பிழைப்பைத் தேடிப் போவது நம் குலத் தொழில் ஆகிவிட்டது. ஆனால் நாளை ஒருவர் அவர்களைப் பார்த்து, "கரக்பூருக்கு முதலில் வந்த உன் பாட்டனாரின் பெயர் என்ன? அவரோடு வந்த பாட்டியின் பெயர் என்ன?" என்று கேட்டால், நாங்கள் கடற்கரையில் நின்றதுபோல அவர்கள் நிற்க வேண்டுமா?

ஆகவே ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கின்றோம். தலைவர் அவர்களின் மேசைமேல் இருக்கும் அந்த நீண்ட பேரேட்டை நாங்கள் வாங்கி வந்தோம். குடும்பத்துக்கு ஒரு பக்கம். கோடு போட்டுத் தலைப்பும் எழுதிவிட்டோம்: முதலில் வந்தவர் பெயர், உடன் வந்த பெண்ணின் பெயர், சொந்த ஊர், வந்த ஆண்டு, பார்த்த வேலை, இங்கே பிறந்தவர்கள், இங்கே மறைந்தவர்கள், இங்கிருந்து சென்றவர்கள் சென்ற ஊர். கலாசி என்றும், கேங்மேன் என்றும், வீட்டு வேலை செய்தார் என்றும் கூசாமல் எழுதுங்கள். சந்தா கட்டாதவர், சங்கத்துக்கு வராதவர் என்ற வேற்றுமையும் வேண்டாம். சீட்டு வாங்கியவரை மட்டும் எழுதும் பேரேடு ஆபீசில் இருக்கிறது. சீட்டு வாங்காதவரையும் எழுதும் பேரேடு ஒன்று நம் சங்கத்தில் இருக்கட்டும்.

வீட்டில் முதியவர் இருப்பவர்கள் இன்று இரவே கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அந்த ஊற்றைப் போலத்தான் முதியோர் நினைவும். பொறுமையாக அமர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக மொண்டால் நல்ல நீர் கிடைக்கும். நம் கண் எதிரே ஊறிக்கொண்டிருக்கிறது. என்றும் ஊறும் என்று எண்ணிவிடக் கூடாது.

முதல் பக்கத்தை நாங்களே எழுதிவிட்டோம். எங்கள் குடும்பத்தார் பெயர்களுக்குக் கீழே, கடைசி வரியில், "அப்பத்தாவின் தம்பி. தனுஷ்கோடித் துறையில் சுமை தூக்கியவர். 1964 டிசம்பர் 22 இரவு" என்று எழுதியிருக்கின்றோம். பெயருக்கு உரிய இடத்தை வெற்றாகவே விட்டிருக்கின்றோம். உச்சிப்புளிப் பக்கத்து முதியவர் எவரேனும் அந்தப் பெயரை அறிந்து சொன்னால் நிரப்பலாம். கடிதங்கள் எழுதிவிட்டுக் காத்திருக்கின்றோம்.

பேனாவையும் பேரேட்டின் பக்கத்திலேயே வைத்திருக்கின்றோம் என்பதைத் தெரிவித்து, எங்கள் உரையை நிறைவு செய்கின்றோம்.